அடைப்பது வேறு, நிறுத்துவது வேறு
(வார்ப்பிரும்பு என்ஜின் பிளாக்கில் விழும் மயிரிழை விரிசல் பற்றிய சொற்பொழிவு)



என்ஜின் பிளாக்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்துவிட்டால், பட்டறையில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஏனுங்க, வெல்டிங் வெச்சுக் குடுத்துருங்களே?" கேட்பவர்மேல் குற்றமில்லை. பயிர் காய்ந்துகொண்டிருக்கும். புது பிளாக் வாங்கக் கையில் பணம் இருக்காது. இருந்தாலும் அந்தப் பழைய மாடலுக்கு பிளாக் கிடைக்காது. மெக்கானிக் சற்றும் யோசிக்காமல் "அதுக்கென்னங்க, வெச்சுரலாம்" என்று ராடை எடுக்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு விரலளவு விரிசலோடு வந்த பிளாக், வெல்டிங் முடிந்து ஆறும்போது 'டிக்' என்று சத்தம் கொடுத்து, பக்கத்திலேயே ஒரு சாண் நீளத்துக்குப் புது விரிசல் விட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போவதை இங்கே இருப்பவர்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

நான் இன்று வலியுறுத்த வந்தது இதைத்தான். விரிசல் என்று வந்தால் நம் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தண்ணீரோ ஆயிலோ ஒழுகாமல் அடைப்பது ஒன்று. விரிசல் மேற்கொண்டு ஓடாமல் நிறுத்துவது இன்னொன்று. சில பிளாக்குகளுக்கு முதல் வேலை மட்டும் போதும். சிலவற்றுக்கு இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்து பயனில்லை. எந்த பிளாக்குக்கு எது என்று தீர்மானிப்பதில்தான் நம் தொழிலின் அறிவு இருக்கிறது.

முதலில் இந்த இரும்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் என்ஜின் பிளாக்குகளில் பெரும்பாலானவை சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி இருக்கும். சாதாரண எஃகில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு கரியும் இரும்போடு கரைந்து நிற்பதில்லை. உருகிய இரும்பு அச்சுக்குள் மெதுவாக இறுகும்போது பெரும்பகுதி கிராஃபைட்டாகப் பிரிந்து, மெல்லிய செதில்களாக உள்ளே எங்கும் பரவிக் கிடக்கிறது. இந்தச் செதில்களால் கிடைக்கும் நன்மைகள் பல. லேத்தில் வெட்டினால் உளி உராயாமல் போகும். அதிர்வை இரும்பே விழுங்கிக்கொள்ளும். சிலிண்டர் சுவர் எளிதில் தேயாது. எஃகைவிடச் சில நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே உருகித் தண்ணீராக ஓடுவதால், வாட்டர் ஜாக்கெட் போன்ற சிக்கலான குடைவுகளையும் மணல் கோர் வைத்து ஒரே வார்ப்பில் எடுத்துவிடலாம். கோயம்புத்தூரில் இத்தனை ஃபவுண்டரிகள் பம்பையும் மோட்டார் உறையையும் வார்த்துப் பிழைப்பதற்கு இந்த இரும்பின் குணமும் ஒரு காரணம்.

அதே செதில்கள்தான் அதன் பலவீனமும். ஒவ்வொரு செதிலின் ஓரமும் உள்ளே ஏற்கெனவே போட்டுவைத்த கீறல். அழுத்தினால் இந்த இரும்பு அசையாது. இழுத்தால் தாங்காது. இழுவையைத் தாங்கும் வலிமையைப்போல் மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் எஃகு முதலில் நீளும்; வார்ப்பிரும்பு முன்னறிவிப்பு இல்லாமல் பிளக்கும். ஆகவே பிளாக்கில் விரிசல் கண்டால், இந்த இடத்தில் இரும்பை எது இழுத்தது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ராடில் கை வைக்கக் கூடாது.

நம் ஊர் வயல்களில் இருக்கும் டீசல் பம்ப்செட்டையே எடுத்துக்கொள்வோம். பல என்ஜின்களில் ரேடியேட்டர் கிடையாது. பம்பு டெலிவரி பைப்பிலிருந்து ஒரு சிறிய ஹோஸ் எடுத்து ஜாக்கெட்டுக்குள் விட்டிருப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் உள்ளே போய் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே கொட்டும். உறிஞ்சு குழாயின் இணைப்பு லேசாகக் கசிந்தால் பம்பு காற்று வாங்கிவிடும். டெலிவரி நிற்கும். என்ஜின் தன் பாட்டுக்கு ஓடும். ஜாக்கெட்டில் மிச்சமிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும். தோட்டத்தின் மறுகோடியிலிருந்து ஆவியைப் பார்த்தவர் ஓடிவந்து, அவசரமாகத் தண்ணீர் ஊற்றி பிரைம் செய்து பம்பைப் பிடிக்க வைப்பார். கிணற்றின் பச்சைத் தண்ணீர் காய்ந்த இரும்பில் போய் விழும்.

அப்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகச் சொல்லலாம். வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு அளவுக்கு நீளும், அல்லது சுருங்கும். தண்ணீர் பட்ட பக்கம் சுருங்கப் பார்க்கிறது. இன்னும் சூடாக இருக்கும் பக்கம் அதை விடுவதில்லை. வித்தியாசம் 100 டிகிரி, சுருங்க வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 110 நியூட்டன் இழுவை உண்டாகும். நம் இந்தியத் தர நிர்ணயத்தில் FG 200 என்று குறிக்கப்படும் சாம்பல் வார்ப்பிரும்பு உடைவதே 200-இல். பாதி பலம் அந்த ஒரு நொடியில் போய்விட்டது. அங்கே ஒரு ஸ்டட் துளையின் கூர்மூலையோ, வார்ப்பின்போது விழுந்த சிறு ஓட்டையோ இருந்தால் மீதிப் பாதியும் போகும். விரிசல் பெரும்பாலும் ஸ்டட் துளைக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே, அல்லது லைனரின் தலை உட்காரும் படியில் தொடங்குவது இதனால்தான்.

உப்புத் தண்ணீர்க் கிணறு என்றால் இன்னொரு கேடும் உண்டு. ஜாக்கெட்டின் உள்சுவரில் சுண்ணாம்பு படியும். இரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தை மிக மட்டமாகக் கடத்தும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்போ படிவுக்குப் பின்னால் வெந்துகொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தாலும் தெரியாது.

குளிர் நாடுகளில் கதை வேறு. தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். அது ஜாக்கெட்டின் வெளிச்சுவரை நெட்டித் தள்ளிப் பிளக்கிறது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகள் உறைபனியிலிருந்து காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டவை என்று பலர் நம்புகிறார்கள். அவை கோர் மணலை வெளியேற்ற விட்ட துளைகளை மூடுபவை. சில சமயம் அவை பிதுங்கி வெளியேறி பிளாக் தப்பிப்பது அதன் அதிர்ஷ்டம். உறைந்து வந்த விரிசலில் ஒரு நல்ல செய்தி உண்டு. வெளிச்சுவரில் வேலைப் பளு அதிகம் இல்லை. இழுத்த பனி உருகிவிட்டது. அங்கே அடைத்தாலே பெரும்பாலும் போதும்.

இனி, விரிசலைக் கண்டுபிடிப்பது. தண்ணீர் குறைந்துகொண்டே போகும், வெளியே ஒழுக்கு தெரியாது. ஆயில் வெளுத்துக் குழையும். ரேடியேட்டர் இருந்தால் அதில் குமிழி வரும். ஹெட் கேஸ்கட் போனாலும் இதே அறிகுறிகள்தான். எனவே முதலில் கேஸ்கட்டைப் பாருங்கள்.

பிளாக்கைக் கழற்றிய பிறகு, செலவே இல்லாத பழைய முறை ஒன்று இருக்கிறது. ரயில்வே பட்டறைகளில் அச்சுகளையும் சக்கரங்களையும் நெடுங்காலம் இப்படித்தான் சோதித்தார்கள். இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஆயில் கலந்து தடவி, ஊற விடுங்கள். பிறகு ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மெலிதாகப் பூசுங்கள். சுத்தியால் பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள். விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாக எழும்பி வரும். இந்தச் சோதனையைச் செய்யாத பட்டறைக்கு பிளாக்கைக் கொடுக்காதீர்கள் என்றே நான் சொல்வேன்.

அதைவிடக் கூர்மையானது காந்தம். 1868-இல் இங்கிலாந்தில் சாக்ஸ்பி என்பவர் துப்பாக்கிக் குழலைக் காந்தமாக்கி, அதன் மேல் திசைகாட்டி முள்ளை நகர்த்திப் பார்த்தார். முள் துள்ளிய இடத்தில் விரிசல் இருந்தது. அமெரிக்காவில் 1930-களில் முள்ளுக்குப் பதில் நுண்ணிய இரும்புத் தூளைத் தூவும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது. விரிசலின் இரு கரைகளும் இரு துருவங்களாகித் தூளை இழுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: காந்தப் பாய்வு விரிசலைக் குறுக்கே கடந்தால்தான் கோடு தெரியும். ஒரே திசையில் வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிடக் கூடாது. காந்தத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

தண்ணீர் வழிகளையெல்லாம் தகடும் ரப்பரும் வைத்து மூடி, இரண்டு மூன்று கிலோ காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் முக்கிப் பார்ப்பது கடைசிச் சோதனை. வெந்நீர் அவசியம். சில விரிசல்கள் இரும்பு விரிந்தால்தான் வாய் திறக்கும்.

இத்தனை சோதனையும் விரிசல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கு மட்டுமல்ல. அது எங்கே முடிகிறது என்று அறிவதற்கு. கண்ணுக்குத் தெரிகிற முடிவையும் தாண்டி அது கொஞ்ச தூரம் போயிருக்கும். அந்த நுனியில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு வெட்டிவிட்டுக் கையால் கிழிப்பார். வெட்டில்லாத துணியை அப்படிக் கிழிக்க முடியாது. கை கொடுக்கிற விசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் இருக்கும் ஒன்றிரண்டு இழைகளில் போய்க் குவிகிறது.

இரும்பில் இந்தக் குவிப்பு எவ்வளவு என்று 1913-இல் இங்கிலீஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். கப்பல் தகடுகள் ஏன் பிளக்கின்றன என்பது அவருடைய கேள்வி. தகட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால் அதன் விளிம்பில் இழுவை மூன்று மடங்காகிறது. நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்கு உள்ள நீள்வட்டத் துளை என்றால், நுனியில் 21 மடங்கு. மயிரிழை விரிசலின் நுனி அதைவிட எவ்வளவோ கூர்மை. சில ஆண்டுகள் கழித்து கிரிஃபித் என்பவர் கண்ணாடியைக் கொண்டு சோதித்து, விரிசல் நீள நீள அதை ஓட வைக்கத் தேவைப்படும் இழுவை குறைந்துகொண்டே போகும் என்று நிறுவினார்.

நம் மேஸ்திரிகள் விரிசலின் இரு முனையிலும் துளை போடுவார்களே, அதற்கு அர்த்தம் இதுதான். கூர்நுனியை எடுத்துவிட்டு அங்கே வட்டத்தை வைக்கிறோம். கணக்கில்லாத மடங்கு மூன்று மடங்குக்கு இறங்குகிறது. துளை, தெரிகிற முனைக்குச் சற்று அப்பால் விழ வேண்டும். முனைக்கு இப்பால் போட்டால் நுனி தப்பித்து மறுபக்கம் நிற்கும். மொத்த உழைப்பும் வீண்.

சரி, வெல்டிங் கூடவே கூடாதா? கூடும். அதற்கு நான் அறிந்த மிகப் பெரிய சாட்சி 1917-இல் நியூயார்க்கில் நடந்தது.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இலிருந்து ஜெர்மனியின் பெரிய பயணக் கப்பல்கள் பல அமெரிக்கத் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்தன. அமெரிக்காவும் போரில் இறங்கப்போகிறது என்று தெரிந்ததும், அந்தக் கப்பல் ஊழியர்களே தங்கள் என்ஜின்களை நாசம் செய்தார்கள். எதை உடைத்தால் திரும்பச் சேர்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். நீராவி என்ஜின்களின் பிரம்மாண்டமான வார்ப்பிரும்பு சிலிண்டர்களை அடித்துப் பிளந்தார்கள். ஏப்ரலில் அமெரிக்கா போரை அறிவித்துக் கப்பல்களைக் கைப்பற்றியபோது, பார்வையிட்டவர்கள் புது சிலிண்டர் வார்ப்பதைத் தவிர வழியில்லை என்றார்கள். அவ்வளவு பெரிய வார்ப்புகளுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடிக்கும். படைகளோ உடனே பிரான்ஸ் போக வேண்டும்.

நியூயார்க் கடற்படைத் தளத்தின் பொறியாளர் கேப்டன் ஜெஸ்ஸப், மின்சார வெல்டிங்கால் ஒட்டலாம் என்றார். அந்தக் காலத்தில் வார்ப்பிரும்பில் அதை யாரும் நம்பவில்லை. கேஸ் வெல்டிங் என்றால் சிலிண்டர் முழுவதையும் பழுக்கக் காய்ச்ச வேண்டும்; அதற்கு என்ஜினையே கப்பலிலிருந்து கழற்ற வேண்டும். மின்வில்லின் சூடு ஓரிடத்தில் அடங்கும் என்பதால், என்ஜினை இருந்த இடத்திலேயே வைத்து வேலை செய்ய முடிந்தது. உடைந்த விளிம்புகளைச் சாய்வாகச் செதுக்கினார்கள். விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளையிட்டு மரை வெட்டி, எஃகு ஸ்டட்களை முடுக்கினார்கள். அதன் பிறகுதான் வெல்டிங். வெல்ட் உலோகம் வார்ப்பிரும்பின் மேல்தோலை மட்டும் நம்பி நிற்கவில்லை. உள்ளே வேரிட்ட ஸ்டட்களைப் பிடித்துக்கொண்டது. இழுவையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டார்கள். சில மாதங்களிலேயே கப்பல்கள் கடலுக்குத் திரும்பின. 'ஃப்ரீட்ரிஷ் டெர் கிராஸ' என்ற கப்பல் 'ஹூரான்' ஆனது, 'கிராஸர் கூர்ஃபுர்ஸ்ட்' 'ஏயோலஸ்' ஆனது. கைப்பற்றப்பட்ட இந்தக் கப்பல்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அட்லாண்டிக்கைக் கடக்கவைத்தன. உடைத்தவர்களின் கணக்கைப் பொய்யாக்கியது வெல்டிங் மிஷின் மட்டுமல்ல. ஸ்டட் வரிசையும் பொறுமையும் சேர்ந்தே அதைச் செய்தன.

இன்றைக்கு வெல்டிங் வைப்பதென்றால் இரண்டே நேர்மையான வழிகள். ஒன்று, சூடாகச் செய்வது. பிளாக் முழுவதையும் உலையில் 500 முதல் 650 டிகிரிக்குச் சீராகக் காய்ச்சி, வார்ப்பிரும்பு ராடும் ஃபிளக்ஸும் வைத்து கேஸில் உருக்கிச் சேர்த்து, மீண்டும் உலையிலோ சாம்பலிலோ புதைத்து, ஒரு நாளுக்கு மேல் ஆறவிடுவது. இரண்டு, குளிராகச் செய்வது. நிக்கல் ராடு எடுத்து, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாத சிறு சிறு துண்டு வெல்டாக வைத்து, ஒவ்வொன்றையும் சூடு தணியுமுன் சுத்தியால் மெல்லத் தட்டி நெகிழவிட்டு, கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே அடுத்ததைத் தொடுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான், அதாவது கொஞ்சம் சூடு காட்டிவிட்டு எஃகு ராடால் ஒரே மூச்சில் இழுப்பதுதான், பிளாக்கைக் கொல்கிறது. வெல்டை ஒட்டிய இரும்பில் கரி கரைந்து, திடீரென்று ஆறும்போது டிரில் ஏறாத அளவுக்குக் கடினமாகிப் பளிங்காக நொறுங்குகிறது. வெல்ட் சுருங்கி இழுக்கிறது. அந்த 'டிக்' சத்தம் இந்த இரண்டும் சந்திக்கிற சத்தம். அதோடு, பழைய பிளாக்கின் கிராஃபைட் செதில்களுக்குள் பல வருட ஆயில் ஊறியிருக்கும். அதைச் சூடுகாட்டி எரித்து எடுக்காவிட்டால் வெல்ட் முழுக்க ஓட்டை விழும்.

எனக்கு மிகவும் பிடித்தது நெருப்பே இல்லாத வழி. 1930-களில் அமெரிக்க எண்ணெய் வயல்களில், தீப்பொறி பட்டாலே ஆபத்தான இடங்களில் வளர்ந்த முறை அது. விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, அவற்றை இணைத்துப் பள்ளம் எடுத்து, நிக்கல் கலப்புப் பூட்டுகளை அடித்து இறக்குவார்கள். இழுவையை இனி அந்தப் பூட்டுகள் சுமக்கும். பிறகு விரிசலின் நெடுகிலும் மரையிட்ட பிளக்குகளை, ஒவ்வொன்றும் முந்தையதைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு நிற்கும்படி முடுக்கி, மேலே தேய்த்துச் சமமாக்குவார்கள். பூட்டு நிறுத்துகிறது, பிளக் அடைக்கிறது. இரண்டு வேலைகளையும் தனித்தனியாக, அதனதன் கருவியால் செய்கிறார்கள். சாதாரண சாய்வு மரை கரைகளை வெளிப்பக்கம் தள்ளும். எனவே இதற்கென்றே கரைகளை உள்ளே இழுக்கும் கொக்கி வடிவ மரை வந்திருக்கிறது. அந்த விலையுயர்ந்த பிளக்குகள் கிடைக்காவிட்டாலும், ஜாக்கெட்டின் வெளிச்சுவரில் விழுந்த சிறு விரிசலை ஒரு டிரில், ஒரு டேப், சில இரும்பு அல்லது பித்தளை ஸ்க்ரூக்களைக் கொண்டு நம் பட்டறையிலேயே தைத்துவிடலாம். அவசரப்படாத கை வேண்டும், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் விரிசல் என்றால் போர் செய்து ஸ்லீவ் இறக்குவதே நேரான வழி.

ஊற்றி அடைக்கும் மருந்துகள் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பழமையானது சோடியம் சிலிக்கேட். தண்ணீரோடு ஓடி, சூடான விரிசலில் ஈரம் வற்றி, கண்ணாடி மாதிரி இறுகும். வெளிச்சுவரில் நுண்கசிவு என்றால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் அது நிறுத்தாது, அடைக்கும், அவ்வளவே. ஆயிலுக்குள் போகும் விரிசலில் அதைத் தொடவே தொடாதீர்கள். 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களை ஒழிக்கத் திட்டம் போட்டபோது, என்ஜின்களை மீண்டும் பயன்படாதபடி அழிக்க விதித்த வழி, ஆயிலை வடித்துவிட்டு இதே சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓட்டுவதுதான். எபாக்சி பசைகளும் அடைக்க மட்டுமே. வெளியே பூச நல்லது, இழுவையைச் சுமக்காது.

மெயின் பேரிங் தாங்கும் குறுக்குச்சுவரில் விரிசல் என்றால் நான் கை கூப்பிவிடுவேன். 1500 சுற்றில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் என்ஜினில், ஒரு சிலிண்டர் ஒரு மணி நேரத்தில் 45,000 முறை வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் இழுபடுகிறது. பூட்டும் பிளக்கும் வைத்து இரும்பைத் தைக்க உரிய கருவியும் அனுபவமும் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் பிளாக்கை மாற்றுங்கள். கிராங்க் உடைந்து வெளியே வரும்போது பக்கத்தில் நிற்பது ஒரு மனிதர். அவருடைய பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவருடைய காலைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. "இல்லீங்க, இது ஆகாதுங்க" என்று சொல்லும் மெக்கானிக்கை மதிக்க நாமும் பழக வேண்டும்.

வேலை முடிந்ததும் மீண்டும் வெந்நீரில் அழுத்தச் சோதனை. என்ஜினைப் பூட்டி, சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில முறை போன பிறகு சாக்பீஸ் தூளை எடுத்துத் துளைக்கு அப்பால் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட் நட்டுகளை டார்க் ஸ்பானரால், சொன்ன அளவுக்கு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்குங்கள். உறிஞ்சு குழாயின் கசிவைச் சரிசெய்யாமல், ஜாக்கெட் சுண்ணாம்பைக் கரைத்து எடுக்காமல் பிளாக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்; விரிசலை வரவழைத்தது அவைதான். சொந்தக்காரரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். என்ஜின் சூடேறி ஆவி வந்தால் தண்ணீர் ஊற்ற ஓடக் கூடாது. அணைத்துவிட்டு, பிளாக்கில் கை வைத்துப் பொறுக்க முடிகிறவரை காத்திருக்க வேண்டும். விரிசல் எங்கே முடிந்தது, என்ன செய்தோம், எத்தனை கிலோ அழுத்தத்தில் சோதித்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். அடுத்து அந்த பிளாக்கைத் திறக்கிற மெக்கானிக்குக் குருட்டாம்போக்கில் தேட வேண்டியிருக்காது.

மேசையில் வெட்டி வைத்த இரண்டு பிளாக் துண்டுகளும், காந்தமும், தூளும் இருக்கின்றன. மாணவர்கள் மேலே வந்து தாங்களே விரிசலின் நுனியைத் தேடிப் பார்க்கலாம். கேள்விகளையும் அப்போதே கேளுங்கள்.